தேவனஹள்ளி: கோட்டையும் கழனியும்

பெங்களூரில் குடியேறிய தமிழர்களுள் தேவனஹள்ளி என்னும் பெயரைக் கேளாதவர் இரார். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்களுக்கும் அப்பெயர் புதிதன்று. பெங்களூருக்கு விமானத்தில் வருவோர் யாவரும் முதலில் கால் வைப்பது தேவனஹள்ளிச் சீமையில்தான். ஆயினும், விமான நிலைய வாயிலில் வண்டி பிடித்து நகரை நோக்கித் திரும்பிவிடுவதே நம் வழக்கமாக இருக்கிறது. மறுதிசையில் சில கிலோமீட்டர் சென்றால் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அதனைச் சுற்றி ராகிக் கழனிகளும் திராட்சைப் பந்தல்களும் இருக்கின்றன. ஐந்நூறு ஆண்டு வரலாறு உடைய அச்சிற்றூரை ஒருநாள் நின்று பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. பல ஆண்டுகள் பெங்களூரில் வேலை பார்த்த பின்னரே நாமும் அங்குச் சென்றோம். அன்று கண்டவற்றையும், அவற்றின் பின்னே நிற்கும் சரித்திரத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஓர் ஊரின் பெயர்ப்பலகையைக் கண்டதும் அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. 'ஹள்ளி' என்பது நம் 'பள்ளி'யே. தமிழில் சொல்லின் முதலில் பகரமாக நிற்பது கன்னடத்தில், பத்தாம் நூற்றாண்டு முதலாகப் படிப்படியாக, ஹகரமாக மாறிற்று. நம் பால் அங்கே ஹாலு. நம் புலி அங்கே ஹுலி. நம் பத்து அங்கே ஹத்து. அவ்வாறே திருச்சிராப்பள்ளியில் நிற்கும் பள்ளியும் தேவனஹள்ளியில் நிற்கும் ஹள்ளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் இவ்வூருக்கு முதலில் வழங்கிய பெயர் தேவனதொட்டி என்பது. தொட்டி என்றால் கன்னடத்தில் மாட்டுப்பட்டி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்ப் பெயர்களிலும் இச்சொல்லை நாம் காணலாம். மாடுகளை அடைத்து வைத்த பட்டி கிராமமாயிற்று. கிராமம் கோட்டை கொண்ட ஊராயிற்று. பெயர் மாற்றத்திலேயே ஊரின் வளர்ச்சியும் அடங்கியிருக்கிறது.

கோட்டை கட்டியவர்கள் யார் என்று கேட்டால், இங்கே நமக்கு மிக நெருக்கமான ஒரு கதை எதிர்ப்படுகிறது. தேவனஹள்ளிக்கு வடக்கே ஐதராபாத் சாலையில் ஆவதி என்ற கிராமம் உண்டு. இன்று வண்டிகள் விரைந்து கடந்துபோகும் அந்தச் சிறு கிராமம்தான், ஒரு காலத்தில் இச்சீமையை ஆண்ட 'ஆவதி நாட்டுப் பிரபுக்கள்' முதன்முதலாகக் குடியமர்ந்த இடம். அவர்கள் மொரசு ஒக்கலிகர் என்னும் உழவர் குடியைச் சேர்ந்தவர்கள். லூயிஸ் ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியர் அவர்களைப் பற்றி வழங்கிய பரம்பரைக் கதையைப் பதிவு செய்திருக்கிறது. ரண பைரே கௌடர் என்பவரின் மகளை அந்நாட்டுத் தலைவன் ஒருவன் மணம் பேசினானாம். கொடுக்க மனமில்லை, மறுக்கவும் வலிமையில்லை. ஆகவே ஏழு குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் ஏறி இரவோடு இரவாக ஊரை விட்டு நீங்கின. வழியில் வெள்ளம் புரண்ட ஆறு குறுக்கிட்டது. அப்பெண் தன் காதணியைக் கழற்றிக் கங்கைக்குக் காணிக்கையாக இட்டாள். ஆறு வழி விட்டது. அவர்கள் நந்தி மலையின் கிழக்கே வந்து தங்கினார்கள்; பின்னர் ஆவதியில் குடியமர்ந்தார்கள். அவர்கள் விட்டு நீங்கிய ஊர் எது? காஞ்சிபுரத்துச் சீமை என்கிறது கதை.

ஆற்றின் வெள்ளம் காதணிக்குக் கட்டுப்பட்டதோ இல்லையோ, புலம் பெயர்ந்த குடும்பங்கள் இக்கதையைப் பல தலைமுறைகளாகப் பேணி வந்தன என்பது உண்மை. இதைக் கேட்டதும், 'ஆகா, இவ்வூரை நிறுவியோர் நம்மவரே!' என்று கொண்டாடத் தோன்றும். அதில் சற்று நிதானம் வேண்டும். தொண்டை நாட்டின் வடபுறம் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய நிலம். மொரசு ஒக்கலிகருள் தெலுங்கு பேசுவோரும் உண்டு. கன்னடம் பேசுவோரும் உண்டு. வண்டியில் வந்தவர்கள் எம்மொழி பேசினார்கள் என்பதைக் கதை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையே அது நினைவில் வைத்திருக்கிறது. காடு திருத்தினார்கள்; ஏரி கட்டினார்கள்; உழுதார்கள்; கோட்டை எழுப்பினார்கள். அவ்வழியில் வந்த மல்ல பைரே கௌடர் 1501-ஆம் ஆண்டில் தேவனதொட்டியில் மண்கோட்டை ஒன்றைக் கட்டினார். சிக்கபள்ளாபுரம், தொட்டபள்ளாபுரம் ஆகிய ஊர்களின் தோற்றமும் இக்குடும்பத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. அக்குடும்பத்தின் மற்றொரு கிளை எலகங்கத்தில் ஊன்றியது. அக்கிளையில் உதித்த கெம்பே கௌடர்தாம் 1537-ஆம் ஆண்டில் பெங்களூர்க் கோட்டையையும் பேட்டையையும் நிறுவியவர். ஆக, இன்று உலகறிந்த ஒரு மாநகரத்தின் வேர், ஆவதியில் வந்து நின்ற உழவர்களின் மாட்டு வண்டிகள் வரை செல்கிறது.

தமிழுக்கும் இச்சீமைக்கும் உள்ள தொடர்பைக் காண இக்கதை ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை, கல்லெழுத்துக்கள் இருக்கின்றன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் கங்கர்களின் நாட்டைக் கைக்கொண்டனர். அதன் பின்னர் பெங்களூர், கோலார்ப் பகுதிகளில் ஏராளமான கல்வெட்டுக்கள் தமிழில் பொறிக்கப்பட்டன. போசளர் ஆட்சியிலும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. பெங்களூர் தொம்மலூரில் உள்ள சொக்கப்பெருமாள் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுக்களை இன்றும் காணலாம். எலகங்கம் அக்காலத் தமிழ்க் கல்வெட்டுக்களில் 'இலைப்பாக்க நாடு' என்று வழங்கிற்று. வேலைக்காக நேற்று இரயில் ஏறி வந்தவர்கள் மட்டுமே இங்குள்ள தமிழர்கள் என்று எண்ணுவோருக்கு இக்கற்கள் மறுமொழி கூறும். அதே சமயம், இம்மண் ஒரு மொழியினருக்கு மட்டும் உரியதாக என்றும் இருந்ததில்லை என்பதையும் அதே கற்கள் கூறுகின்றன. கன்னடக் கல்வெட்டும் தமிழ்க் கல்வெட்டும் தெலுங்குக் கல்வெட்டும் இச்சீமைகளில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இனிக் கோட்டைக்குள் நுழைவோம். மல்ல பைரே கௌடர் கட்டிய மண்கோட்டையை அவர் வழியினர் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஆண்டனர். 1749-ஆம் ஆண்டையொட்டி மைசூர் அரசின் சேனை நஞ்சராஜரின் தலைமையில் வந்து இதை முற்றுகையிட்டது. சிற்றூர்க் கோட்டைதானே என்று எண்ணி வந்தவர்களுக்கு அது எளிதில் வசப்படவில்லை. பல மாதங்கள் நீடித்த அம்முற்றுகையில் ஓர் இளம் குதிரை வீரரின் துணிவு நஞ்சராஜரின் கண்ணில் பட்டது. அவ்வீரருக்குச் சிறு படை ஒன்றின் தலைமை அளிக்கப்பட்டது. அவர்தாம் ஹைதர் அலி. பின்னாளில் மைசூர் நாடு முழுவதையும் ஆண்டு, ஆங்கிலேயரைக் கலங்க வைத்த அவருடைய ஏற்றம் இக்கோட்டை வாயிலில்தான் தொடங்கிற்று.

அடுத்த ஆண்டில் அவருக்கு இவ்வூரிலேயே ஒரு மகன் பிறந்தான். திப்பு சுல்தான் பிறந்த நாள் 1750-ஆம் ஆண்டு நவம்பர் 20 என்று பெரும்பாலும் சொல்வர். 1751 எனக் கொள்வோரும் உளர். அக்குழந்தைக்கு வைத்த பெயரில் நமக்கு ஒரு செய்தி உண்டு. ஆர்க்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் அவுலியா என்ற பெரியாரின் தர்காவில் பெற்றோர் வேண்டிக்கொண்டனர். பிள்ளை பிறந்ததும் அவர் பெயரையே இட்டனர். மைசூர்ப் புலியின் பெயர் பாலாற்றங்கரையிலிருந்து வந்தது. பிற்காலத்தில், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின், அவர் மக்களும் குடும்பத்தாரும் சிறை வைக்கப்பட்டதும் பாலாற்றங்கரையிலேயே. அது வேலூர்க் கோட்டை. 1806-ஆம் ஆண்டில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கதையைத் தமிழர் நன்கு அறிவர்.

ஹைதர் மண்கோட்டையைக் கற்கோட்டையாக மாற்றினார். நாம் இன்று காண்பது அதுவே. ஏறத்தாழ இருபது ஏக்கர் பரப்பை வளைத்து, முட்டை வடிவில், நன்கு செதுக்கிய கற்களால் மதில் செல்கிறது. பன்னிரண்டு அரைவட்டக் கொத்தளங்கள் இடையிடையே புடைத்து நிற்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் வாயில்கள். திப்பு இவ்வூருக்கு யூசுபாபாத் என்று பெயரிட்டார். அப்பெயர் மக்கள் நாவில் நிற்கவில்லை. 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது கார்ன்வாலிஸின் படை கோட்டையைக் கைப்பற்றியது. அத்துடன் அதன் போர் வாழ்க்கை முடிந்தது. குடும்ப வாழ்க்கை மட்டும் முடியவில்லை. கோட்டைக்குள் இன்றும் தெருக்களும் வீடுகளும் இருக்கின்றன. மதிலின் மேலேறிப் பார்த்தால் ஒரு புறம் பழைய அகழியின் தடமும், மறுபுறம் முற்றத்தில் ராகி காயப்போடும் வீடும் ஒருங்கே தெரிகின்றன.

உள்ளே பல கோயில்கள் உண்டு. அவற்றுள் பழமையானது வேணுகோபால சுவாமி கோயில். அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகளும் கண்ணனின் பாலலீலைகளும் சிற்பங்களாக வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் ஒரு மணி நேரம் அங்கேயே கதை சொல்லலாம். கோட்டைக்கு வெளியே சற்றுத் தொலைவில், ஆளுயர அளவே உள்ள ஒரு சிறு தூண் மண்டபம் திப்பு பிறந்த இடத்தைக் குறித்து நிற்கிறது. கல்வெட்டுப் பலகை ஒன்று; வேறு ஆடம்பரம் இல்லை. ஒரு பேரரசை எதிர்த்துப் போர்க்களத்திலேயே உயிர் விட்டவரின் பிறப்பிடம் இவ்வளவு எளிமையாக இருப்பது காண்போரைச் சற்று நேரம் பேசாமல் நிற்கச் செய்கிறது. கன்னடக் கவிதையில் ஈடுபாடுள்ளோருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 'நித்யோத்ஸவ' கவிஞர் கே. எஸ். நிசார் அகமது 1936-இல் பிறந்ததும் இவ்வூரில்தான்.

ஆனால் தேவனஹள்ளியைக் கோட்டையைக் கொண்டு மட்டும் அறிந்தவர் பாதியே அறிந்தவர். இவ்வூரின் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றது ஒரு பழம். நாம் பம்பளிமாஸ் என்று வழங்கும் அதனை இங்கே சக்கோத்தா என்பார்கள். குழந்தையின் தலையளவு பருத்து, உள்ளே இளஞ்சிவப்புச் சுளைகள் கொண்டு, புளிப்பை வென்ற இனிப்போடு விளையும் தேவனஹள்ளிச் சக்கோத்தாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இச்சீமையில் விளையும் 'பெங்களூர் நீலம்' திராட்சைக்கும் அச்சிறப்பு உண்டு. இவை தவிர ராகி, அவரை, மல்பெரி. மல்பெரியை நம்பிப் பட்டுப்புழு. பக்கத்திலுள்ள விஜயபுரத்தில் பட்டுக்கூடுச் சந்தை நடக்கிறது. மைசூர் நாட்டில் பட்டுத் தொழிலை ஊன்றச் செய்தவர் திப்பு. காஞ்சிப் பட்டுக்கு வேண்டிய நூலில் பெரும்பகுதி நெடுங்காலமாகக் கர்நாடகத்திலிருந்தே வருகிறது என்பதையும் இங்கே நினைவு கூரலாம்.

கோட்டை வாயிலருகே சக்கோத்தா விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் நாம் பழம் வாங்கினோம். "எந்த ஊர், ஸ்வாமி?" என்று கன்னடத்தில் கேட்டார். "பெங்களூர், அம்மா" என்றோம். நம் கன்னடத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அது பிழைக்க வந்த ஊர். பிறந்த ஊர்?" என்றார். திருவண்ணாமலைப் பக்கம், தென்பெண்ணையாற்றங்கரை என்று சொன்னோம். அவர் வடக்கே நீல நிறமாய் நின்ற நந்தி மலையைக் கையால் காட்டி, "அந்த ஆறு அங்கேதான் பிறக்கிறது. உங்கள் ஊருக்கு நாங்கள் அனுப்பும் தண்ணீர்தான்" என்றார்.

பூகோளப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் அவர் சொன்ன பிறகே அது நமக்கு உறைத்தது. 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலைச் சாரலே நான்கு ஆறுகளின் பிறப்பிடம். வட பெண்ணை ஆந்திரத்தை நோக்கிச் செல்கிறது. தென்பெண்ணை இத்தேவனஹள்ளிச் சீமை வழியே ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று சென்று கடலூரருகே கடலில் கலக்கிறது. அர்க்காவதி தெற்கே போய்க் காவிரியோடு சேர்கிறது. பாலாறு கோலார்ச் சீமையைக் கடந்து வாணியம்பாடி, வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம் என்று செல்கிறது. அப்படியானால் காஞ்சியை விட்டு வந்த அந்த ஏழு குடும்பங்களும் தங்கள் பழைய ஆற்றின் தலைமாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கின்றன! ஆனால் இங்கே அவை ஆறுகள் அல்ல. மழை பெய்தால் ஓடும் ஓடைகள். ஆகவேதான் வந்தவர்கள் ஏரிகளை நம்பினார்கள். ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிய, அது நிரம்பி அதற்கடுத்ததற்கு வழிய, சங்கிலி போல் ஏரிகளைக் கோத்து வைத்தார்கள். செங்கல்பட்டுச் சீமையில் ஏரி பார்த்து வளர்ந்த எவருக்கும் இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

மூதாட்டியின் பேச்சு பின்னர் நிலத்தைப் பற்றித் திரும்பியது. அவர் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் உண்டாம். ராகியும், கொஞ்சம் சக்கோத்தா மரங்களும். முன்பு இதைப் போல் எத்தனையோ தோட்டங்கள் இருந்தன என்றார். விற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டோம். "என்னிடம் ராகி வாங்குகிறார்கள்" என்றார். அதில் ஏளனமும் இல்லை, பெருமையும் இல்லை. விலை சொல்வது போலச் சொன்னார்.

அந்நிலை எவ்வாறு வந்தது என்பது யாவரும் அறிந்ததே. ஏறத்தாழ 4,000 ஏக்கரில் அமைந்த விமான நிலையம் 2008-ஆம் ஆண்டு மே 24-இல் திறக்கப்பட்டது. 2013-இல் அதற்குக் கெம்பே கௌடரின் பெயர் சூட்டப்பட்டது. 2022 நவம்பரில் அவருக்கு 108 அடி உயர வெண்கலச் சிலையும் அங்கே திறக்கப்பட்டது. முன்னோர் வண்டி ஓட்டி வந்த நிலத்தில் வழித்தோன்றலின் பெயர் நிற்பது பொருத்தமே. விமான நிலையம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி, அதில் ஏறி ஊருக்குப் போகும் நமக்கு இல்லை. ஆனால் அதைத் தொடர்ந்து நிலத்தின் விலை ஏறிற்று, கழனிகள் மனைகளாயின, சக்கோத்தா மரங்கள் சாய்ந்தன, கிணறுகள் ஆழமாயின. பின்னர் சென்னராயபட்டண ஹோபளியைச் சேர்ந்த 13 கிராமங்களில் 1,777 ஏக்கர் விளைநிலத்தை விமானத் தொழிற்பேட்டைக்காக எடுக்க அரசு முற்பட்டபோது, உழவர்கள் 2022 ஏப்ரலில் அறப்போராட்டத்தில் அமர்ந்தனர். வெயிலிலும் மழையிலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது நீடித்தது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 15-இல், அந்நிலங்களை எடுக்கும் முயற்சி கைவிடப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். விரும்பி முன்வருவோரின் நிலத்தை மட்டும் நல்ல விலைக்குப் பெறலாம் என்பது அவ்வறிவிப்பின் மறுபகுதி. ஆகவே, எந்த வீட்டில் விற்பது, எந்த வீட்டில் உழுவது என்னும் முடிவு இப்போது வீடுதோறும் எடுக்கப்பட வேண்டியதாக இருக்கிறது. 1749-இல் பல மாத முற்றுகையைத் தாங்கிய ஊர் இது. இம்முறை முற்றுகை விலையின் வடிவில் வந்து நிற்கிறது.

தேவனஹள்ளிக்குப் போய்வர விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. பெங்களூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்து அடிக்கடி உண்டு. சிக்கபள்ளாபுரம் செல்லும் இரயில் பாதையிலும் நிலையம் உண்டு. காலையில் கோட்டையையும் வேணுகோபாலரையும் திப்புவின் பிறப்பிடத்தையும் பார்த்துவிடலாம். நண்பகலுக்குள் ஆவதி வழியாக நந்தி கிராமம் சென்றால், மலையடிவாரத்தில் போக நந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் மிகப் பழைய சாசனம் கி.பி. 806-ஐச் சேர்ந்தது. கோயிலின் படித்துறைக் குளத்தருகே அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். மாலையில் மலை மீதேறினால், ஆறுகள் பிறந்து நான்கு திசையும் பிரியும் நிலத்தை ஒரே பார்வையில் காணலாம். திரும்பும் வழியில் சக்கோத்தா வாங்க மறவாதீர்கள். ஆனால் பேரம் பேசாதீர்கள்.

பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களாகிய நமக்கு, வந்த ஊரில் நம் உரிமை எதுவரை என்ற கேள்வி அவ்வப்போது எழுவதுண்டு. பழைய கல்வெட்டைக் காட்டி உரிமை கொண்டாடுவது ஒரு வழி. ஆவதியின் உழவர்கள் அவ்வழியில் போகவில்லை. வந்த நாட்டின் மொழியைக் கற்றார்கள்; அதன் மண்ணுக்கு ஏரி கட்டினார்கள்; விட்டு வந்த ஊரின் கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லவும் மறக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுக்குப் பின் அவர்களை வந்தேறிகள் என்று சொல்வார் எவரும் இலர். நாம் ஏரி கட்டப் போவதில்லை. அலுவலகத்தில் கோப்புப் பார்க்கிறவர்கள். ஆயினும் நாம் வாழும் ஊருக்குச் சோறும் பழமும் தரும் சிற்றூரின் பெயரை அறிவதும், அங்கே சென்று அவ்வூராரோடு நான்கு வார்த்தை பேசுவதும் நம்மால் இயலாதவை அல்ல. அடுத்த முறை உற்றாரை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போகும்போது, ஓர் அரை நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலில் திரும்பிவிடாமல், வடக்கே செல்லுங்கள்.